பதினெட்டு வீடா, பதினைந்து வீடா

எங்கள் தண்ணீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர் ஆவதற்குக் குழாயைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வால்வு எந்தப் பக்கம் திரும்பும், எந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிறது என்பதெல்லாம் அற்ப விஷயங்கள். தொண்ணூறு நிமிடத்தில் நூறு கேள்விகளுக்கு விடை குறிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அறுபது மதிப்பெண் வாங்கினால் உங்களுக்குக் கைவைத்த நாற்காலி. ஐம்பத்தொன்பது வாங்கினால், குழாயையே கண்டுபிடித்தவராக இருந்தாலும் கவுண்டரில்தான் உட்கார வேண்டும்.

தசமம் அக்கா அந்தத் தேர்வை நான்கு முறை எழுதியிருந்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்துநான்கு, ஐம்பத்தேழு. ஐந்து முறைக்கு மேல் யாரும் எழுத முடியாது என்பது விதி. பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து முழு வேலையையும் பார்ப்பவர் அக்காதான். ஆனால் காகிதத்தில் அவர் வெறும் 'பொறுப்பு'. ஐந்தாவது முறையும் கோட்டைவிட்டால் பொறுப்பும் போய்விடும். மறுபடியும் கவுண்டர், ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஆறு வருடம் வீட்டை நடத்தியவளை வாசலில் நிற்கச் சொல்வதுபோல.

தசமம் என்பது அம்மா அப்பா வைத்த பெயரில்லை, அலுவலகம் வைத்தது. மாதாந்திர அறிக்கையில் ஒரு புகார் சராசரியாக எத்தனை நாளில் தீர்கிறது என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற பிரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு என்று எழுதிவிடுவார்கள். அக்கா 2.37 என்று எழுதினார். அதிகாரி கூப்பிட்டு, "இந்தப் பாயிண்ட் மூணு ஏழு நாள்னா என்னம்மா?" என்று கேட்டார்.

"எட்டு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம் சார். அதுலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றார் அக்கா.

அன்றைக்கு வந்த பெயர் அது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. வைத்தவர்கள் வாயில் சுருக்கமாக வந்ததே என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர் ஒரு புகார்ச் சீட்டை மூடும் அழகைப் பார்க்க வேண்டும். நாங்களெல்லாம் பிளம்பர் வந்து "முடிஞ்சுதுங்க" என்று சொன்னதும் சீட்டின் மேல் முத்திரை குத்திவிடுவோம். அக்கா புகார் கொடுத்தவருக்குப் போன் போடுவார். "தண்ணி வருதா?" என்று கேட்பார். "வருதுங்க" என்றாலும் விடமாட்டார். "குழாயைத் திறங்க. போனைப் பக்கத்துல வைங்க." அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் காதில் கேட்ட பிறகுதான் முத்திரை. ஒருமுறை சத்தம் சரியில்லை, வேகம் பாதிதான் இருக்கிறது என்று சொல்லி பிளம்பரைத் திருப்பி அனுப்பினார். பிளம்பர் எங்கள் காதுபட என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. போய்ப் பார்த்தால் உண்மையிலேயே குழாய்க்குள் பாதி அடைப்பு இருந்தது. பிளம்பருக்கு அதனால் கோபம் இரட்டிப்பானது.

நான் அடுத்த மேஜை. அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவள், பதினோரு வருடமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன். பிளம்பர் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் ஜாதி. அந்த வருடம் நானும் முதல்முறையாகத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். இருவரும் ஒரே நாளில் எழுதப்போகிறோம் என்றதும் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

"நீயும் எழுதுடி. பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்றார்.

தேர்வு எழுதும்போது என்ன பேச்சுத்துணை என்று நான் கேட்கவில்லை.

அக்கா எங்கே வழுக்குகிறார் என்பது அலுவலகத்துக்கே தெரியும். நூறில் கடைசி இருபது கேள்விகள் போதுமா கணக்கு. ஒரு கேள்வி இருக்கும், கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லமாட்டார்கள். விடை கண்டுபிடிக்க முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, ஒவ்வொன்றும் தனித்தனியாகவே போதுமா, இல்லை இரண்டும் சேர்ந்தும் போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். அ, ஆ, இ, ஈ, உ. உலகத்திலேயே வேலையைச் செய்யாமல், செய்ய முடியுமா என்று மட்டும் சொன்னால் மதிப்பெண் தரும் ஒரே கணக்கு இதுதான். அரசாங்க அலுவலகத்துக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும்.

இதில்போய் அக்கா ஒவ்வொரு கணக்கையும் கடைசிவரை போட்டு விடை கண்டுபிடிப்பார். ஐந்தாறு கணக்கு முடிவதற்குள் மணி அடித்துவிடும். மிச்சத்தைக் குருட்டாம்போக்கில் குறித்துவிட்டு வரலாமே, தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லையே என்றால், "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படிடி காட்டுறது?" என்பார். அவர் தொடாத கேள்விகள் எல்லாம் கன்னித்தன்மையோடு வெள்ளையாகவே திரும்பி வரும்.

நான் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து ஒரே ஒரு மந்திரம் கற்று வந்திருந்தேன்: விடை வேண்டாம், விடை வருமா என்று தெரிந்தால் போதும். ஊருக்கு உபதேசம் செய்யும் ஆசை யாரை விட்டது? மதிய இடைவேளையில் டிபன் டப்பாக்களை ஓரம் தள்ளிவிட்டு அக்காவுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தேன்.

முதல் கணக்கு: x எத்தனை? கூற்று ஒன்று, 3x + 7 = 52. கூற்று இரண்டு, x + y = 20.

"பதினைஞ்சு" என்றார் அக்கா, நான் எழுதி முடிப்பதற்குள்.

"யாருக்கா பதினைஞ்சு கேட்டா?"

"x எத்தனைன்னுதானடி கேக்குது?"

"கேக்கும். நாம சொல்லக் கூடாது. தெரியாதது ஒன்னுதான், சமன்பாடும் ஒன்னு இருக்கு. விடை வரும். அத்தோட நிறுத்திக்கணும்."

"கேட்டதுக்குப் பதில் தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதா? இது என்ன வளர்ப்பு?"

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கூற்றுக்குப் போனேன். அக்கா உடனே, "y அஞ்சு" என்றார். எல்லாரும் விழும் குழி இதுதான். முதல் கூற்றில் கிடைத்த பதினைந்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாவதற்குள் போய்விடுவது. இரண்டாவதைத் தனியாகப் பார்த்தால் x ஒன்றாகவும் இருக்கலாம், பத்தொன்பதாகவும் இருக்கலாம், ஒன்றும் சொல்ல முடியாது.

"அக்கா, முதல் கூற்று ஒரு வீடு. ரெண்டாவது அடுத்த வீடு. இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

இது அவருக்குப் புரிந்தது. ஒரு காலிப் புகார்ச் சீட்டை எடுத்து முதல் கூற்றின் மேல் வைத்து மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எப்போதும் ஒரு சீட்டு கையில் இருக்கும். இந்தக் குழியில் அதற்குப் பிறகு அவர் விழவேயில்லை. பயிற்சி வகுப்பில் காசு கட்டிக் கற்ற நான்தான் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தேன்.

அடுத்து, x + y = 10, 2x + 2y = 20. தெரியாதது இரண்டு, சமன்பாடும் இரண்டு, ஆகவே போதும் என்று அவசரப்படுகிறவர்களுக்கென்றே வைத்த கணக்கு. அக்கா அவசரப்படவில்லை. அரைப் பக்கத்துக்குக் கழித்துக் கூட்டிவிட்டு முகம் வெளுத்து, "பூஜ்யம் சமம் பூஜ்யம்னு வருதுடி" என்றார்.

"வரும். ரெண்டாவது கூற்று புதுசா ஒன்னும் சொல்லல. முதல் ஆளே சட்டையை மாத்திக்கிட்டு வந்து நிக்கிறான். போதாது, உ. அதுக்கு அரைப் பக்கம் எதுக்கு?"

"சட்டையைக் கழட்டினாத்தானே உள்ள யாருன்னு தெரியும்?"

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார். 3x + 3y = 24 என்று கொடுத்து, x + y எத்தனை என்று கேட்டால் எட்டு, கூற்று ஒன்றே போதும். அக்காவுக்கு அது தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. இரண்டு பேரும் சேர்ந்து எட்டு என்று தெரிகிறது, யார் எத்தனை என்று தெரியாமல் எப்படி விடுவது என்று பேருந்து நிறுத்தம்வரை என்னைத் துளைத்தார். அவர்கள் குடும்ப விவகாரம் நமக்கெதற்கு என்றேன். x ஸ்கொயர் 49 என்று வந்தால் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாரும் ஏழு என்று நினைத்து, போதும் என்று குறிப்பார்கள். அக்கா ஏழும் எழுதுவார், மைனஸ் ஏழும் எழுதுவார். இரண்டு விடை வந்தால் அது விடையே இல்லை, போதாது என்பார். ஒரு குழாயில் தண்ணீர் வருகிறது என்றாலும் வரவில்லை என்றாலும் பொருந்துகிற புகாரை எப்படி மூடுவது என்பது அவர் கேள்வி.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு கேள்விப்பட்டதே இல்லையாக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அது வெந்துச்சான்னு பாக்கத்தானடி. எத்தனை பேருக்குக் காணும்னு ஒரு சோறு சொல்லுமா?" என்றார் அமைதியாக.

அக்காவை நிறுத்தியவர் நானல்ல, மாமா. அக்காவின் வீட்டுக்காரருக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும் வேலை. கற்றுக்கொள்பவர் ஓட்டுவார், மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்துவதே தொழில் என்பதால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் எதிரே வண்டி வந்தால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

ஒரு ஞாயிறு காலை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இருவரும் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு கணக்கில் போதும் என்று தெரிந்த பிறகும் பென்சிலை ஓட்டிக்கொண்டே போனார். எதிரே உட்கார்ந்திருந்த மாமாவின் கால் தரையில் டொப்பென்று விழுந்தது. அக்காவின் பென்சில் நின்றது.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. சிக்னல் விழுந்துடுச்சு, நீ போய்க்கிட்டே இருந்த" என்றார் மாமா.

மாமாவுக்கு x-உம் தெரியாது, y-உம் தெரியாது. ஆனால் ஒரு மனுஷி போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டில் டொப், டொப் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது ஞாயிறு சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆறாவது ஞாயிறு மாமா கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். இருபது கணக்கை அக்கா இருபத்தோரு நிமிடத்தில் முடித்தார். பத்தொன்பது சரி. எனக்குப் பதினாறுதான்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. அவர் தேறிவிடுவார் என்று அன்றுதான் முதன்முதலாக நம்பினேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, பெரிய வாத்தியாரம்மா மாதிரி ஒரு கடைசி அறிவுரை சொன்னேன்: "நேரம் மிச்சம் இருந்தா சும்மா உக்காந்திருக்காதீங்கக்கா. திரும்பி ஒரு தடவை சரிபாருங்க." எல்லாரும் சொல்வதுதான். நாக்குக்கு எலும்பில்லையே.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். பெஞ்சுகள் சிறு பிள்ளைகளுக்குச் செய்தவை என்பதால் முழங்கால் மேஜையில் இடித்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் எங்கள் ஸ்டோர்க்காரர். தண்ணீர் மீட்டர்களையும் குழாய்த் துண்டுகளையும் கிடங்கில் எண்ணி வைப்பவர். அவர் நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சொகுசாகத் தூங்கினார். கடைசி இருபதுக்கும் அவருக்கு ஒரு முறை உண்டு: கேள்வியைப் படிக்காமல், அ-வில் ஆரம்பித்து உ-வரை வரிசையாகக் குறித்துக்கொண்டே போவது. மழை பெய்தால் எல்லாப் பாத்திரத்திலும் கொஞ்சம் விழும் என்பது அவர் சித்தாந்தம்.

அக்கா ஜன்னலோரம். கையில் அந்தக் காலிப் புகார்ச் சீட்டு. ஒவ்வொரு கேள்வியாக மூடித் திறந்து மூடித் திறந்து போய்க்கொண்டிருந்தார். மணி அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாக் கேள்வியையும் முடித்துவிட்டார். வாழ்க்கையிலேயே முதல்முறை. எனக்கு அங்கேயே எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. பிறகு அவர் பென்சிலை மறுபடியும் எடுப்பதையும் பார்த்தேன். சரிபார்க்கிறார், நல்லது என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

வாசலில் எனக்காகக் காத்திருந்தவர், எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"அந்தத் தெருவுல எத்தனை வீடுடி?" என்றார்.

"எந்தத் தெருவுக்கா?"

"தொண்ணூத்தி மூணாவது கேள்வி."

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு தெருவில் உள்ள வீடுகள் எத்தனை? கூற்று ஒன்று: வீடுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஐந்தைக் கழித்தால் 31. கூற்று இரண்டு: வீடுகளின் எண்ணிக்கையோடு ஆறைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 7. தெரியாதது ஒன்று, ஒவ்வொரு கூற்றும் ஒரு சமன்பாடு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

"ஈ. ஒவ்வொன்னும் தனித்தனியாப் போதும்."

"போதுமான்னு கேக்கல. எத்தனை வீடு?"

"யாருக்குத் தெரியும்? அதைத்தான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு ஆறு வாரமா தலையில அடிச்சுக்கிட்டேனே!"

அக்கா புகார்ச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். முதல் கூற்று: 2x = 36, x = 18. இரண்டாவது: x + 6 = 21, x = 15.

"ஒரே தெருதானே? அதெப்படி பதினெட்டும் வரும், பதினைஞ்சும் வரும்? நான் பதினைஞ்சு வீட்டுக்குக் குழாய் போட்டா அந்த மூணு வீட்டுக்காரங்க தண்ணிக்கு எங்க போவாங்க?"

நான் இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். உண்மைதான். கேள்வியே தப்பு. போதுமா கணக்கில் இரண்டு கூற்றும் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று பொய்யாக்கும் கூற்றுகளைக் கொடுக்கவே கூடாது. கேள்வி எழுதிய புண்ணியவான் விடையைக் கண்டுபிடிக்காமலேயே எழுதியிருக்கிறார். அவர் எந்த வகுப்பில் படித்தாரோ, என் வகுப்பாகத்தான் இருக்கும். அந்த மண்டபத்தில் எழுதிய நானூறு பேரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், தெருவில் வீடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"சரி, நீங்க என்ன குறிச்சீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல ஈ தான் குறிச்சேன். அப்புறம் நீ சொன்ன மாதிரி திரும்பிப் பாத்தேன். பாத்ததும் அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டு?"

"அஞ்சுல எதுவும் சரியில்லையேடி. அப்படியே விட்டுட்டேன்."

நடுத்தெருவில் நின்று அவரைத் திட்டினேன். உங்களுக்கு மூளை இருக்கிறதா, வேலை போனாலும் தெருவில் வீட்டை எண்ணிக்கொண்டுதான் நிற்பீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. எனக்கு அறுபது. அக்காவுக்கு ஐம்பத்தொன்பது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று அலுவலகம் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் வேறு விஷயம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு வழி இருந்தது. வினாத்தாளில் பிழை இருந்தால் ஒரு வாரத்துக்குள் தேர்வுக் குழுவுக்கு ஆட்சேபணை எழுதலாம், அது தீரும்வரை பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகாது. பிழை என்று ஒத்துக்கொண்டால் எல்லாருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. கொடுத்தால் அக்கா அறுபது, மூத்தவர் என்பதால் நாற்காலியும் அவருக்கே. ஒரே ஒரு மதிப்பெண், அதுவும் நியாயமானது.

அக்கா ஒரு பக்கத்துக்குத் தெளிவாக எழுதினார். இரண்டு சமன்பாடு, இரண்டு விடை, ஒரு தெரு. கடைசியில் 'எனக்குரிய மதிப்பெண்ணை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"கேள்வி தப்பா இல்லையா, அதுதான் விஷயம். மார்க்கை எதுக்குடி நடுவுல இழுக்கிற?"

"அது நடுவுல இல்லக்கா, அதுதான் விஷயமே."

அவர் சேர்க்கவில்லை. முயலுக்கு மூன்றே கால். மாமா அலுவலகம்வரை வண்டியில் கூட்டி வந்து, கடிதத்தைப் பெட்டியில் போடும்வரை பக்கத்தில் நின்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கெடச்சுடும்லமா?" என்று கேட்டார். கிடைத்துவிடும் மாமா என்று அடித்துச் சொன்னேன். விடை வரும் என்று தெரிந்தால் போதும் என்று பழகியவள் அல்லவா நான்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் கையிலிருந்து நானே பிடுங்கினேன். 93-ஆம் வினா பிழையானது எனத் தேர்வுக் குழு ஏற்கிறது, சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. அவ்வினாவுக்கு ஏதேனும் ஒரு விடையைக் குறித்த தேர்வர் அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது.

ஏதேனும் ஒரு விடையைக் குறித்தவருக்கு. அ குறித்தவருக்கு உண்டு, ஆ குறித்தவருக்கு உண்டு, தூக்கத்தில் குறித்தவருக்கும் உண்டு. ஒன்றும் குறிக்காதவருக்கு இல்லை. தப்பான கேள்விக்குத் தப்பான பதில் எழுதிய அத்தனை பேருக்கும் பரிசு. தப்பு என்று சொன்னவருக்கு நன்றி. நன்றியை எந்தக் கட்டத்தில் கூட்டுவது என்று அவர்கள் எழுதவில்லை.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஒத்துக்கிட்டாங்க பாரு" என்றார்.

"அக்கா, உங்களுக்கு மார்க் இல்ல."

"தெரியுதுடி. படிச்சேன்ல." கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு, "வலிக்குது. இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றார். அடுத்த சீட்டை எடுத்துப் போன் போட்டு, "தண்ணி வருதா? குழாயைத் திறங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

அந்த ஒரு மதிப்பெண்ணால் பதினோரு பேர் புதிதாகத் தேறினார்கள். அதில் ஒருவர் எங்கள் ஸ்டோர்க்காரர். வரிசைப்படி 93-க்கு அவர் குறித்திருந்தது இ. இனிப்புப் பெட்டியோடு வந்தவர் நேராக அக்காவின் மேஜைக்குத்தான் போனார். "உங்க புண்ணியத்துலதாம்மா" என்று கும்பிட்டார். கிண்டலில்லை, மனதார. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. அக்கா ஒன்று எடுத்துக்கொண்டு, "வாழ்த்துக்கள்" என்றார்.

நான் என் பெயரில் இன்னொரு கடிதம் எழுதிப் போட்டேன். விதியில் இடமில்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. பட்டியல் வெளியானது. எங்கள் பிரிவில் காலியிடம் ஒன்றே ஒன்று. அது எனக்கு.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் பட்டியலில் எனக்கு அடுத்த ஆள் வருவாரே தவிர அக்கா வரமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் உண்மையாக இல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன். என் வீட்டிலும் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

பொறுப்பேற்கும் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். அக்கா முன்னதாகவே வந்து மேஜையைத் துடைத்து, தன் தண்ணீர்ப் பாட்டிலையும் கண்ணாடிக் கூட்டையும் கவுண்டருக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையில் ஒப்படைப்புப் பட்டியல், நான்கு பக்கம். அலமாரி, சாவி, பதிவேடு, மூடப்படாத புகார்கள் ஒவ்வொன்றும் எந்தத் தெரு, எந்த வால்வு, என்ன நிலை.

"வாங்க மேடம்" என்றார்.

பதினோரு வருடம் நீ, வா, போ, வாடி என்று கூப்பிட்ட வாய்.

"அக்கா, என்ன இது? எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க."

"அது அப்போ. இது ஆபீஸ். முறைன்னு ஒன்னு இருக்குல்ல மேடம்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முகத்தில் கிண்டலே இல்லை. பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தேடினேன்.

"படிச்சுட்டுப் போடுங்க மேடம்" என்றார்.

எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் அக்கா என்று மூன்று முறை சொன்னேன். பரவாயில்லை மேடம் என்று மூன்று முறையும் சொன்னார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். படித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.